ஒத்தாசை கேளுங்கள், வருவார்கள்

கோவையில் ஒரு முதியோர் குடியிருப்பில் அன்றாட நிகழ்ச்சிகளைக் கவனிப்பது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது: "நிகழ்ச்சிக்கு வாங்க" என்று யாரையும் கூப்பிடாதீர்கள். செய்ய வேண்டிய வேலையோடு போய், "அம்மா, கொஞ்சம் ஒத்தாசை பண்றீங்களா?" என்று கேளுங்கள். ஆயுசு முழுக்க ஒரு குடும்பத்தையோ அலுவலகத்தையோ நடத்தியவர்களை வெறுமனே கைதட்ட உட்கார வைப்பது எனக்குப் பிடிக்காது.

பூஜை அறைக்குக் கட்டிய சரம் வாங்க வேண்டாம். உதிரி மல்லிகை வாங்கி, வாழைநாரை நனைத்து, கூடையை நடுவில் வையுங்கள். எங்களிடம் மறதி நோய் உள்ள ஓர் அம்மா இருக்கிறார். மகன் வந்தாலும் யாரென்று கேட்பார். ஆனால் நார் கைக்கு வந்துவிட்டால் இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு முடிச்சு என்று விரல்கள் பாட்டுக்கு ஓடும். பக்கத்தில் இருப்பவர் தளரக் கட்டினால் பிடுங்கி, இறுக்கிக் கட்டிக் கொடுப்பார். பெயர்கள் போன பிறகும் கைப்பழக்கம் வெகுநாள் நிற்கும். அதனால் ஒவ்வொருவரும் முன்பு என்ன வேலை செய்தார் என்று வீட்டாரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

தோட்டம் என்றால் வெந்தயக்கீரையில் ஆரம்பிக்கலாம். குனியத் தேவையில்லாதபடி தொட்டியை மேசை உயரத்தில் வையுங்கள். ஊறவைத்து விதைத்தால் சில நாளில் முளைவிடும், 3, 4 வாரத்தில் பறிக்கலாம். பறித்தது அன்றைய சாப்பாட்டிலேயே வந்தாக வேண்டும். சமையல்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

காது மந்தமானவரிடம் கத்தாதீர்கள். வயதானால் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். எதிரே உட்கார்ந்து, கீச்சுக் குரலில் இல்லாமல் கனத்த குரலில், நிதானமாகப் பேசுங்கள்.

அப்புறம் நேரம். காலையில் நீர் மாத்திரை போடுபவர்களுக்கு அடுத்த சில மணி நேரம் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் அறையை விட்டு வருவதில்லை. காலை வேலைகளைக் கழிவறைக்குப் பக்கத்தில் உள்ள கூடத்தில் வையுங்கள். நாற்காலிகளை வாசலோரம் போடுங்கள்.