நெல்லைச் சீமையில் குடியை விட்டவர்களின் கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

குடியை நிறுத்த முடிவெடுத்தவருக்குத் திருநெல்வேலிப் பக்கத்தில் முதலில் கிடைக்கும் யோசனை, கோவிலில் கயிறு கட்டிக்கொள்வது அல்லது சபரிமலைக்கு மாலை போடுவது. இவை வீண் என்று சொல்ல மாட்டேன். விரத நாள்களில் ஒரு சொட்டும் தொடாதவர்கள் நம் ஊர்களில் ஏராளம். ஆனால் மாலையைக் கழற்றிய மறுநாள் பொழுது சாயும்போது என்ன செய்வது என்பதற்கு அந்த விரதத்தில் வழி இல்லை. அந்த வேளைக்காகவே இருப்பவை, குடியிலிருந்து மீண்டவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் கூட்டங்கள். அவற்றில் பரவலாக அறியப்பட்டது, 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஒரு மருத்துவரும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ.

கண் விழித்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், கூட்டத்தைத் தேடும் முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கி, முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளுக்குப் பிறகு இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் மனம் குழம்புவதும் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். தென்காசிப் பக்கத்தவர் அங்குள்ள அரசு தலைமை மருத்துவமனையில் விசாரிக்கலாம்.

கூட்டத்தைப் பற்றிய தகவலும் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். மருத்துவருக்கு நேரம் இருக்காது, ஆகவே மனநலப் பிரிவின் செவிலியரிடமோ ஆலோசகரிடமோ, "இங்கே சிகிச்சை முடிந்து போனவர்கள் எந்தக் கூட்டத்துக்குப் போகிறார்கள்?" என்று கேளுங்கள். நேரில் கேட்கத் தயங்குபவர்களுக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்கள் உள்ளன: போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. ஏ.ஏ.யின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இயங்குகிறது. அதன் இணையதளம் வழியாகவும் அருகிலுள்ள குழுவை விசாரிக்கலாம். யாரிடம் கேட்டாலும், கூட்டம் நடக்கும் இடம், கிழமை, நேரம் ஆகியவற்றோடு, அங்கே தவறாமல் வரும் ஓர் உறுப்பினரின் கைபேசி எண்ணையும் கேட்டு வாங்குங்கள். கூட்டத்துக்கான அறை மாறலாம், நேரம் மாறலாம். புறப்படும் நாளன்று அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்துவிட்டுப் பேருந்து ஏறுவது நல்லது.

கூட்டம் தேவாலய வளாகத்திலோ பள்ளிக்கூட அறையிலோ நடப்பதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. வாடகை குறைவான இடம் என்பதே பெரும்பாலும் காரணம், ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்தது அல்ல. அங்கே கடவுள் என்ற சொல் அடிக்கடி வரும். அதை அவரவர் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம். சுடலைமாடனைக் கும்பிடுபவருக்கும் எதையும் கும்பிடாதவருக்கும் அங்கே இடம் உண்டு.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் எல்லாருக்கும் வரும். மதுக்கடை வரிசையில் நின்றபோது வராத கூச்சம் இப்போது மட்டும் வருவது விசித்திரம்தான், ஆனாலும் அதை மதிக்க வேண்டும். அம்பாசமுத்திரத்துக்காரர் முதலில் பாளையங்கோட்டையில் நடக்கும் கூட்டத்துக்குச் செல்ல விரும்பினால் செல்லட்டும். இருப்பினும், வேலை முடிந்து போய்விட்டுக் கடைசிப் பேருந்துக்குள் வீடு திரும்ப முடியாத இடத்தைத் தேர்ந்தெடுத்தால், மூன்றாவது வாரமே போவது நின்றுவிடும். என் கருத்தில், குழுவின் சிறப்பைக் காட்டிலும் அதை எட்ட முடிகிற தூரமே முக்கியம்.

முதல்முறை செல்பவர் தொலைபேசியில் பேசும்போதே, வெளியாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டுமான கூட்டமா என்று கேட்டுக்கொள்ளலாம். மனைவியோ அண்ணனோ உடன் வருவதாக இருந்தால் திறந்த கூட்டமே ஏற்றது. சேர்க்கைக் கட்டணம் கிடையாது. செலவுக்கு உண்டியல் சுற்றிவரும், போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிட்டு அறிவுரை சொல்வதில்லை. நீங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டும் வரலாம். ஒரே கூட்டத்தை வைத்து முடிவு கட்டாமல் சில வாரங்கள் சென்று பாருங்கள். பல ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கும் ஓர் அண்ணாச்சியின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தோன்றும் வேளையில் அந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், குடித்த பிறகு அல்ல.

முன்பணம் கேட்பவர்களும், "வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிக்கொள்கிறோம்" என்பவர்களும் நடத்துவது இத்தகைய குழு அல்ல. அது தங்கவைத்துச் சிகிச்சை தரும் மறுவாழ்வு மையமாக இருந்தால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள்; பதில் மழுப்பலாக இருந்தால் விலகிவிடுங்கள்.

குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கென்றே 1951இல் உருவான அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது, ஏ.ஏ. உறுப்பினர்களிடம் கேட்டால் அதன் கூட்டம் எங்கே நடக்கிறது என்று விசாரித்துச் சொல்வார்கள்.

அருகில் எந்தக் குழுவும் இல்லாத ஊரில் இருப்பவர், கைபேசி வழியே நடக்கும் தமிழ்க் கூட்டங்களில் சேர்ந்துகொண்டு, மாதம் ஒருமுறையாவது நேரில் செல்ல முயலலாம். குடியை விட விரும்பும் இன்னொருவர் ஊரில் கிடைத்தால், இருவர் கூடினாலே அது கூட்டம்தான். ஊரில் கோவில் திருவிழாவான கொடை நெருங்கும்போது, அதன் நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை இரவில் யாருக்கு அழைப்பது, எங்கே இருப்பது என்பதை விழாவுக்குக் கால்நாட்டும் நாளிலேயே குழுவில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.