பள்ளி விடுமுறையில் கேரவன் பயணம்: பிரிட்டனில் செலவைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

தமிழ்நாட்டில் கேரவன் என்றவுடன் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு அது கடற்கரையோரப் பூங்காவில் வரிசையாக நிற்கும், இரண்டு அல்லது மூன்று படுக்கையறைகளும் சிறு சமையலறையும் கொண்ட ஒரு பெட்டி வீடு. ஸ்கெக்னஸ், கிரேட் யார்மத், கேம்பர் சாண்ட்ஸ், வேல்ஸின் ரில், பிரெஸ்டாட்டின் போன்ற ஊர்களில் இத்தகைய பூங்காக்கள் ஏராளம். விமானப் பயணத்துக்கு வசதியில்லாத குடும்பத்துக்கும் ஒரு வாரம் கடலைக் காட்டித் தருபவை இவைதாம். 1936இல் பில்லி பட்லின் ஸ்கெக்னஸ் அருகே தம் முதல் விடுமுறை முகாமைத் திறந்தபோது, ஒரு வாரக் கூலியில் ஒரு வார விடுமுறை என்றுதான் விளம்பரம் செய்தார். இன்று ஆகஸ்ட் மாதத்தில் பல குடும்பங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவருவதில்லை. ஜூன் இரண்டாம் வாரத்தில் ஒரு விலைக்குக் கிடைக்கும் அதே கேரவன், அதே மெத்தை, அதே ஜன்னல், ஆகஸ்டில் இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. அந்த ஆகஸ்டிலும் கடன்படாமல் போய்வர முடியும் என்பதால், பிள்ளைகளோடு சில ஆண்டுகள் போய்வந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

விலை ஏறியதற்கான காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெருந்தொற்றுக் காலத்தில் தங்குமிடங்களுக்கு 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட மதிப்புக் கூட்டு வரி, பிறகு 12.5 ஆகி, 2022 ஏப்ரலில் மீண்டும் 20 விழுக்காட்டுக்குத் திரும்பியது. எரிவாயு, மின்சாரச் செலவு உயர்ந்தது. 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக உயர்ந்தபோதே, முதலாளிகள் செலுத்தும் தேசியக் காப்பீட்டு விகிதமும் 13.8இலிருந்து 15 விழுக்காடாயிற்று. துப்புரவுக்கும் நீச்சல் குளக் காவலுக்கும் நிறைய ஆட்கள் தேவைப்படும் பூங்காக்களுக்கு இது நேரடிச் சுமை. இவற்றோடு, தேவை கூடும்போது தானாக விலையை ஏற்றும் கணினி முறையும் வந்துவிட்டது. ஆண்டில் 39 வாரங்கள் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல வேண்டியிருப்பதால், எல்லாக் குடும்பங்களும் மீதமுள்ள 13 வாரங்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகின்றன. அவற்றிலும் கடற்கரைக்கு ஏற்ற வாரங்கள் பாதியைக்கூட எட்டா.

இந்நிலையில் பலர் மனத்தில் முதலில் எழும் எண்ணம், பள்ளி நாள்களிலேயே பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிட்டு அபராதத்தைக் கட்டிவிடலாம் என்பது. முடிவெடுக்கும் முன் கணக்கை முழுவதும் போட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் 2024 ஆகஸ்டு முதல் நடப்பிலுள்ள விதிப்படி, பத்துப் பள்ளி வாரங்களுக்குள் பத்து அமர்வுகள், அதாவது ஐந்து பள்ளி நாள்கள், அனுமதியின்றி வராத பிள்ளைக்கு அபராதம் பரிசீலிக்கப்படும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு. 21 நாள்களுக்குள் கட்டாவிட்டால் 160. இரண்டு பெற்றோர், இரண்டு பிள்ளைகள் என்றால் நான்கு அபராதங்கள்: 320 பவுண்டு, தாமதித்தால் 640. மூன்று ஆண்டுகளுக்குள் அதே பிள்ளைக்கு இரண்டாம் முறை நேர்ந்தால் தொடக்கத்திலேயே 160தான். மூன்றாம் முறை அபராதச் சீட்டுக்கு இடமில்லை. வழக்கு நீதிமன்றம் வரை போகலாம், அங்கே 2,500 பவுண்டு வரை தண்டம் விதிக்கப்படலாம். வைட் தீவைச் சேர்ந்த ஒரு தந்தைமீது தொடரப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இல் அளித்த தீர்ப்பு, மற்ற நாள்களில் பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்திருந்தாலும் விடுமுறைக்காக எடுத்த நாள்களுக்கு அது சமாதானமாகாது என்று தெளிவாக்கியது. பணத்தைத் தாண்டியும் எனக்கு இந்த வழியில் உடன்பாடில்லை. பின்னக் கணக்கு நடந்த வாரத்தைத் தவறவிட்ட பிள்ளை, அடுத்த மாதம் வரை வகுப்பில் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சேமிப்புக்கு உண்மையான இடம் நாள்காட்டியில் இருக்கிறது. உங்கள் பள்ளியின் அடுத்த ஆண்டு விடுமுறைத் தேதிகள் மாவட்ட மன்ற இணையதளத்தில் முன்கூட்டியே வந்துவிடும். முதல் வேலையாக அவற்றைக் குறித்துக்கொண்டு, நீங்கள் போக விரும்பும் பகுதியின் பள்ளித் தேதிகளையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத வாரங்களில்தான் விலை தணிந்திருக்க வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தில் கோடை விடுமுறை ஜூலை கடைசியில் தொடங்கி செப்டம்பர் தொடக்கம் வரை நீளுகிறது. ஸ்காட்லாந்திலோ ஜூன் இறுதியிலேயே தொடங்கி, ஆகஸ்டு நடுவில் பள்ளிகள் திறந்துவிடுகின்றன. ஆகவே, இங்கிலாந்தின் வடபகுதியில் வாழும் குடும்பம் ஆகஸ்டு கடைசி இரண்டு வாரங்களில் ஏர் அல்லது எடின்பரோவுக்குக் கிழக்கே உள்ள கடற்கரைப் பூங்காக்களைப் பார்க்கலாம். உள்ளூர்க் குடும்பங்கள் பள்ளிக்குத் திரும்பிய பிறகு அங்கே நெரிசலும் குறையும். லெஸ்டர், லெஸ்டர்ஷயர் பகுதியில் கோடை விடுமுறை மற்ற இடங்களைவிட ஓரிரு வாரம் முன்னதாகத் தொடங்கி வந்திருக்கிறது. காலுறை, காலணித் தொழிற்சாலைகள் ஜூலை முதல் இரண்டு வாரங்கள் மூடப்பட்ட பழைய வழக்கத்தின் எச்சம் அது. லெஸ்டரில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ஜூலை நடுவில் நார்ஃபோக் கடற்கரைக்கு மற்றவர்களுக்கு முன்பே போய்விடலாம்.

உங்கள் பகுதிக்கு அத்தகைய சலுகை இல்லையென்றாலும் விடுமுறையின் ஓரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டில் ஐந்து இன்செட் நாள்கள், அதாவது ஆசிரியர் பயிற்சிக்காகப் பிள்ளைகளுக்கு விடுமுறை விடப்படும் நாள்கள், உண்டு. அவற்றில் ஒன்று திங்களில் அமைந்தால், யாருடைய அனுமதியும் கேட்காமல் மூன்று இரவுப் பயணம் ஒன்று கையில் விழுகிறது. பெரும்பாலான பூங்காக்கள் வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவுகள், திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு இரவுகள் என்றே கேரவன்களை விடுகின்றன. வார நடுவிலான நான்கு இரவுகள் பெரும்பாலும் வார இறுதி மூன்று இரவுகளைவிட மலிவு. ஏழு இரவுகளுக்குப் பதில் இந்த நான்கு இரவுகளைத் தேர்ந்தெடுப்பதே, என் அனுபவத்தில், மிகுந்த பணத்தை மிச்சப்படுத்தியது. ஐந்தாம் நாள் மாலைக்குள் பிள்ளைகளும் வீட்டை நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மே மாத ஹாஃப் டெர்ம், அதாவது பள்ளிப் பருவத்தின் நடுவே வரும் ஒரு வார விடுமுறை, வங்கி விடுமுறை எனப்படும் பொது விடுமுறை நாளோடு சேர்ந்து வருவதால் அதை நான் தவிர்ப்பேன். அக்டோபர் ஹாஃப் டெர்மில் காற்று குளிர்ந்தாலும், கூரைக்குக் கீழே உள்ளரங்க நீச்சல் குளம் உள்ள பூங்காவாக இருந்தால் பிள்ளைகளுக்குக் குறை தெரியாது.

அடுத்து, திரையில் தெரியும் விலையை வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். 2025 ஏப்ரல் 6 முதல், தவிர்க்க முடியாத கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முன்பதிவுக் கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைக்கும் பழக்கத்துக்கு இது முடிவு கட்டியிருக்க வேண்டும். ஆனால் விருப்பத்துக்கு உட்பட்டவை இந்த விதிக்குள் வருவதில்லை. செலவு பெருகுவதும் அங்கேதான். படுக்கை விரிப்பு, துண்டு, குழந்தைக் கட்டில், கடலுக்கு அருகில் இடம், சீக்கிரம் உள்ளே நுழையும் வசதி, நாய்க்குக் கட்டணம் என்று ஒவ்வொன்றும் சிறிய தொகையாகத் தெரியும். ஒரு முறை நான் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று அழுத்திக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்தில் நின்றபோது, மொத்தத் தொகை நான் முதலில் பார்த்ததைவிடக் கால் பங்கு கூடியிருந்தது. அன்றிலிருந்து விரிப்புகளும் தலையணை உறைகளும் வீட்டிலிருந்தே ஒரு பெரிய பையில் எங்களோடு வருகின்றன.

இவற்றில் மிகுந்த கவனம் வேண்டியது பொழுதுபோக்கு பாஸ். பல பூங்காக்களில் நீச்சல் குளத்துக்கும் மாலைக் காட்சிகளுக்கும் ஆளுக்கொரு பாஸ் வேண்டும்; அது சில விலைகளில் சேர்ந்திருக்கும், சிலவற்றில் சேர்ந்திராது. இரண்டு பூங்காக்களை ஒப்பிடும்போது ஒன்றில் பாஸ் சேர்ந்திருக்க மற்றொன்றில் இல்லையென்றால், அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை. நாள் முழுவதும் மணலில் கழிக்கும் குடும்பம் பாஸ் இல்லாத கேரவனையே எடுக்கலாம். குளத்தை விட்டு ஏற மறுக்கும் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் போவது குளத்துக்காகத்தான் என்பதை ஒப்புக்கொண்டு பாஸோடு எடுத்துவிட்டு, கேரவனின் தரப் பிரிவில் ஒரு படி இறங்கிக்கொள்ளுங்கள். தேசியச் சுகாதார சேவையில் பணிபுரிவோர், நம்மவரில் அவர்கள் பலர், முன்பதிவுக்கு முன், சுகாதார, அவசரப் பணியாளர்களுக்கான தள்ளுபடி அட்டையான ப்ளூ லைட் கார்டுக்குச் சலுகை உண்டா என்று பார்த்துவிட வேண்டும். த சன் நாளிதழின் 9.50 பவுண்டு விடுமுறைத் திட்டம் உண்மையிலேயே மலிவானதுதான்; ஆயினும் அதன் தேதிகளில் பெரும்பகுதி பள்ளி நாள்களில் அமைவதாலும், மற்றக் கட்டணங்கள் தனியே சேருவதாலும், பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ளோர் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

பூங்காவிடமிருந்து அல்லாமல் கேரவனின் உரிமையாளரிடமிருந்தே வாடகைக்கு எடுப்பது இன்னொரு வழி. பூங்காவில் சொந்தக் கேரவன் வைத்திருப்போர், ஆண்டுதோறும் கட்டும் இடவாடகையை ஈடுகட்ட, பள்ளி விடுமுறை வாரங்களில் அதை வாடகைக்கு விடுகிறார்கள்; விலை பூங்கா கேட்பதைவிடக் குறைவாக இருக்கும். இங்கே மோசடியும் உண்டு என்பதால் பணம் அனுப்பும் முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். கேரவன் எண்ணைக் கேட்டு வாங்கி, பூங்காவின் வரவேற்பகத்தை அழைத்து, அந்த எண்ணில் கேரவன் இருக்கிறதா, உரிமையாளர்கள் வாடகைக்கு விட அங்கே அனுமதி உண்டா என்று விசாரியுங்கள். எரிவாயுப் பாதுகாப்புச் சான்றிதழைக் கேளுங்கள். வாடகைக்கு விடும் கேரவனுக்கு ஆண்டுதோறும் அந்தச் சோதனை சட்டப்படி கட்டாயம், நேர்மையான உரிமையாளர் தயங்காமல் படம் எடுத்து அனுப்புவார். மூன்றாவது, முழுத் தொகையையும் வங்கிப் பரிமாற்றத்தில் முன்கூட்டியே அனுப்ப மறுத்துவிடுங்கள். நிறுவனத்திடம் நேரடியாகப் பதிவு செய்யும்போது, விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்தால் முன்பணத்தையாவது கடன் அட்டையில் கட்டுங்கள்; 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, பூங்கா கைவிரித்தால் அட்டை நிறுவனத்திடம் முழுத் தொகையையும் கோரும் உரிமையைத் தருகிறது.

காரில் இழுத்துச் செல்லும் டூரிங் கேரவன் உள்ளவர்களுக்கோ நண்பரிடம் இரவல் கிடைப்பவர்களுக்கோ நல்ல செய்தி ஒன்று: 1997 ஜனவரி முதல் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்களும் 2021 டிசம்பர் 16 முதல் தனித் தேர்வின்றி 3,500 கிலோ வரை இழுத்துச் செல்லலாம். பெரிய முகாம்களுக்குப் பதிலாக, கேரவன் சங்கங்களின் உறுப்பினர்களுக்கு மட்டும் திறந்திருக்கும், ஐந்து கேரவன்களுக்கு மேல் அனுமதியில்லாத சிறு பண்ணை நிலங்களைத் தேடுங்கள். பல இடங்களில் ஒரு தண்ணீர்க் குழாயும் கழிவு ஊற்றும் இடமும்தான் இருக்கும். உச்சக் காலத்திலும் விலை அவ்வளவாக ஏறுவதில்லை. மிச்சம் பிடிப்பதற்காகவே புதிதாகக் கேரவன் வாங்குவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். காப்பீடு, நிறுத்துமிட வாடகை, பராமரிப்பு மூன்றும் ஆண்டு முழுவதும் ஓடும்.

போன பிறகு ஆகும் செலவில் பெரியது சாப்பாடு. நால்வர் ஒரு மாலை வெளியே சாப்பிடும் பணத்தில் கேரவனில் இரண்டு நாள் சமைத்துவிடலாம். ஆனால் அந்தச் சமையலறை நம் சமையலை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டதன்று. அடுப்புக்கும் புகை எச்சரிக்கைக் கருவிக்கும் இடையே சில அடி தூரம்தான். கடுகும் வரமிளகாயும் எண்ணெயில் விழுந்த அரை நிமிடத்தில் கருவி அலறும், பக்கத்துக் கேரவனில் திரைச்சீலை விலகும். கருவியைத் துணியால் மூடுவது மிகவும் ஆபத்தானது, ஒருபோதும் செய்யாதீர்கள். தாளிப்பு வேலையை வீட்டிலேயே முடித்துவிடுவதுதான் வழி. புளிக்காய்ச்சல் ஒரு புட்டி, தக்காளித் தொக்கு ஒரு புட்டி, இட்லிப் பொடி, உறையவைத்த சாம்பார் இரண்டு டப்பா, சிறிய மின்சார ரைஸ் குக்கர் ஆகியவை இருந்தால் சோறு மட்டும் வடித்தால் போதும். பாலும் ரொட்டியும் பழமும் வழியில் உள்ள பெரிய கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், பூங்காக் கடையில் விலை கூடுதல். கார் இல்லாதவர்கள், ரயில் நிலையம் உள்ள ஸ்கெக்னஸ், கிரேட் யார்மத் போன்ற ஊர்களைத் தேர்ந்தெடுத்து, 35 பவுண்டு குடும்ப ரயில் அட்டையை வாங்கினால், பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு 60 விழுக்காடும் கட்டணம் குறையும். நீண்ட பயணமென்றால் ஒரே முறையில் அட்டையின் விலை திரும்பிவிடக்கூடும்.

இவ்வளவு செய்தும் எட்டாத குடும்பங்கள் இருக்கின்றன. குறைந்த வருமானத்தில் வாழும், பல ஆண்டுகளாக எங்கும் போகாத குடும்பங்களுக்கு விடுமுறைக்கு உதவும் ‘ஃபேமிலி ஹாலிடே சாரிட்டி’ என்ற அறக்கட்டளை உண்டு. ஆசிரியர், மருத்துவர், சமூகப் பணியாளர் போன்ற ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். மாற்றுத்திறனுள்ள பிள்ளை இருந்தால் ‘ஃபேமிலி ஃபண்ட்’ என்ற அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கோடைக்காகக் கேட்பதென்றால், பள்ளி மூடும் வரை காத்திராமல், ஈஸ்டருக்கு முன்பே வகுப்பாசிரியரைத் தனியே பார்த்துப் பேசிவிடுங்கள்.