யார் படைத்தது, எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு: ஐரோப்பிய காமிக்ஸ் வாசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ஐரோப்பா அந்நிய நிலமன்று. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியுடன் புறப்பட்ட காலந்தொட்டு, நம் கைக்கு வந்து சேர்ந்த நாயகர்களில் பெரும்பாலோர் லண்டன், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், மிலான் ஆகிய நகரங்களின் அச்சகங்களிலிருந்து வந்தவர்களே. இருப்பினும் அவர்களைப் பற்றி எழுதும்போதும், மூல இதழ்களைத் தேடி வாங்கும்போதும், வாய்ப்புக் கிடைத்து அங்குள்ள விழாக்களுக்குச் செல்லும்போதும் சில தவறுகள் திரும்பத் திரும்ப நேர்கின்றன. படைப்பாளி பிறந்த நாடு, கதை வெளியான இதழின் நாடு, கதை நிகழும் நாடு என ஒரு காமிக்ஸுக்கு மூன்று முகவரிகள் இருக்கக்கூடும். அவற்றை ஒன்றெனக் கருதிவிடுவதே இத்தவறுகள் பலவற்றுக்கு வேராக இருக்கிறது.

குதிரையும் துப்பாக்கியும் இருந்தால் அது அமெரிக்கப் படைப்பு என்று முடிவு கட்டுவது இவற்றுள் மிகப் பரவலானது. டெக்ஸ் வில்லர் 1948இல் ஜியான் லூய்ஜி பொனெல்லி எழுத, ஔரேலியோ கலெப்பினி வரைய, இத்தாலியில் பிறந்தவர். லக்கி லூக்கை 1946இல் உருவாக்கிய மோரிஸ் பெல்ஜியத்தைச் சேர்ந்தவர். நாம் கேப்டன் டைகர் என்று அறிந்த புளூபெரி 1963இல் பிரான்ஸின் ‘பிலோத்’ வார இதழில் தொடங்கினார். அவரது கதையை எழுதிய ஷார்லியே பெல்ஜியர், ஓவியர் ழான் ஜிரோ பிரெஞ்சுக்காரர். இந்த ஜிரோவே ‘மோபியஸ்’ என்ற புனைபெயரில் முற்றிலும் வேறு பாணியில் அறிபுனைக் கதைகளை வரைந்தவர் என்பதை அறியாமல், இருவேறு மேதைகளாக எண்ணி ஒப்பிட்டுக் கட்டுரை எழுதியவர்களும் உண்டு.

பிரெஞ்சு மொழியில் வெளிவந்தவை அனைத்தையும் பிரான்ஸின் கணக்கில் எழுதிவிடுவதும் இதே வகைப் பிழைதான். 1929 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் நாளிதழ் ஒன்றின் சிறுவர் இணைப்பில் டின்டினைத் தொடங்கிய எர்ஜேவும், ஸ்மர்ஃப்களைப் படைத்த பேயோவும் பெல்ஜியர்கள். ஆஸ்டெரிக்ஸ் பிரான்ஸுக்கு உரியது. ஆனால் அதை எழுதிய கோசினிதான் 1955 முதல் 1977இல் தாம் மறையும் வரை, பெல்ஜியரான மோரிஸுக்காக லக்கி லூக் கதைகளையும் எழுதினார். இத்தகைய இடங்களில் ‘பிராங்கோ-பெல்ஜியப் படைப்பு’ என்று குறிப்பிடுவதே நேர்மையானது.

பிரிட்டனுக்கு வந்தால் குழப்பம் இன்னும் சுவாரசியமாகிறது. 1962இல் ‘வேலியன்ட்’ இதழில் வெளிவந்த இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் ஓர் ஆங்கிலேயர் என்றே நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. சாகச நாயகி மாடஸ்டி பிளைஸியின் முதல் ஓவியர் ஜிம் ஹோல்டவே 1970இல் இறந்தபின் அந்தப் பொறுப்பை ஏற்ற ரொமேரோவும் ஸ்பெயின்காரரே. லண்டன் பதிப்பகங்கள் ஸ்பெயின், இத்தாலி, அர்ஜென்டினா ஓவியர்களிடம் ஏராளமாக வேலை வாங்கின. ஆனால் அந்த வார இதழ்கள் படைப்பாளிகளின் பெயரை அச்சிடும் வழக்கமே கொண்டிருக்கவில்லை, ஓவியர் தாமே ஓரத்தில் கையெழுத்திட்டாலும் அதை வெள்ளை மை பூசி அழித்துவிடுவார்கள். 1977இல் தொடங்கிய ‘2000 ஏ.டி.’ இதழ்தான் பெயர்களை முறையாக வெளியிட்டு இவ்வழக்கத்தை உடைத்தது. ஆகவே பழைய பிரிட்டிஷ் பக்கமொன்றில் பெயர் இல்லையெனில், பாணி ஒத்திருக்கிறது என்பதற்காகப் புகழ்பெற்ற ஒருவரின் பெயரை ஒட்டிவிடுவது ஆபத்தானது.

பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன் ஸ்பைடர் விஷயத்தில் நடந்தது இதுதான். சூப்பர்மேனின் இணைப் படைப்பாளியான ஜெர்ரி சீகல் ஸ்பைடரின் கதைகளை எழுதினார் என்பது உண்மை. அதிலிருந்து ‘ஸ்பைடரைப் படைத்தவர் சீகல்’ என்ற தவறான செய்தி கிளைத்துவிட்டது. 1965இல் ‘லயன்’ வார இதழில் அந்தக் குற்றச் சக்கரவர்த்தியை உருவாக்கியவர்கள் டெட் கோவன், ரெக் பன் ஆகிய இருவர். சீகல் பிறகு வந்து சேர்ந்தவர். (அமெரிக்காவின் ஸ்பைடர்மேனுடன் இவருக்கு எவ்வித உறவும் இல்லை என்பதையும், நம் இயந்திர மனிதன் ஆர்ச்சிக்கும் அமெரிக்கப் பள்ளி மாணவன் ஆர்ச்சிக்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை என்பதையும் இன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.) முதலில் அச்சானதை வரைந்தவரே படைத்தவர் என்று கொள்வதும் பிழையாகலாம். ஜட்ஜ் டிரெட்டை உருவாக்கியவர்கள் எழுத்தாளர் ஜான் வாக்னரும் ஸ்பானிய ஓவியர் கார்லோஸ் எஸ்கெராவும். ஆனால் ‘2000 ஏ.டி.’யின் இரண்டாம் இதழில் முதன்முதலாக அச்சேறிய கதையை வரைந்தவர் மைக் மக்மஹோன்.

எதிர்த்திசையிலும் தவறு நேர்கிறது. ‘வி ஃபார் வெண்டெட்டா’வை ஒரு அமெரிக்க நிறுவனத்தின் நூலாக மட்டும் அறிந்தவர்கள், அது 1982இல் ‘வாரியர்’ என்ற பிரிட்டிஷ் மாத இதழில் கறுப்பு வெள்ளையில் தொடங்கியது என்பதையும், அவ்விதழ் நின்றுபோனதால் பாதியில் தடைப்பட்டு, பின்னரே அமெரிக்காவில் வண்ணம் பூசி நிறைவு செய்யப்பட்டது என்பதையும் தவறவிடுகிறார்கள். ஆலன் மூரும் டேவிட் லாயிடும் கறுப்பு வெள்ளைக்கெனத் திட்டமிட்ட அந்த நிழல்களை வண்ணப் பதிப்பைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது நியாயமாகாது. காமிக்ஸ் இதழ்களில் மட்டுமே தேடுவோரும் பலவற்றை இழப்பர்: மாடஸ்டி 1963இல் தோன்றியது ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில், 2024இல் பிரான்ஸின் அங்கூலேம் காமிக்ஸ் விழாவின் பெரும்பரிசைப் பெற்ற போசி சிம்மண்ட்ஸின் புகழ்பெற்ற படைப்புகள் பல ‘கார்டியன்’ நாளிதழில் வந்தவை.

அட்டையில் உள்ள தேதியை வெளியான நாளாகக் கொள்ளும் தவறுக்கு டென்னிஸைவிடச் சிறந்த சான்று இல்லை. ‘டென்னிஸ் தி மெனஸ்’ என்ற ஒரே பெயரில் பிரிட்டனின் ‘பீனோ’ இதழிலும் அமெரிக்க நாளிதழ்களிலும் இரண்டு குறும்புக்காரச் சிறுவர்கள் உண்டு. பீனோவின் அட்டைத் தேதி 17 மார்ச் 1951, அமெரிக்க டென்னிஸ் தோன்றியது 12 மார்ச் 1951. ஐந்து நாள் இடைவெளியைக் காட்டி, பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் லா நகலெடுத்தார் என்று வாதிடுவோர் உள்ளனர். பிரிட்டிஷ் வார இதழ்களின் அட்டையில் இருப்பது விற்பனை வாரத்தின் இறுதி நாள். அந்த பீனோ கடைக்கு வந்ததும் அதே மார்ச் 12 அன்றுதான். கடலின் இரு கரைகளிலும் ஒரே நாளில் நிகழ்ந்த தற்செயல் அது. ஆண்டுமலர்களிலும் இந்த எச்சரிக்கை தேவை: கிறிஸ்துமஸ் பரிசாக விற்கப்படுவதால் அவை இலையுதிர் காலத்திலேயே அடுத்த ஆண்டைத் தாங்கி வெளிவரும். ‘1971’ என்று அச்சிட்ட மலர் பெரும்பாலும் 1970இல் விற்பனைக்கு வந்ததாகவே இருக்கும்.

பழைய டின்டின் ஆல்பங்களை (முழுக்கதை நூல்களை) வாங்குவோர் பெரும்பணம் இழப்பது உள்ளே அச்சிட்டுள்ள பதிப்புரிமை ஆண்டை நம்பியே. காஸ்டர்மன் பதிப்பகம் மறு அச்சுகளிலும் மூல ஆண்டையே இட்டுவந்தது. எனவே அனுபவமுள்ள சேகரிப்பாளர் முதலில் பின்னட்டையைத் திருப்பி, அங்குள்ள ஆல்பப் பட்டியலைப் பார்ப்பார். 1947 என்று உள்ளே இருந்தாலும், 1968இல் வந்த ‘சிட்னிக்கு விமானம் 714’ பட்டியலில் இடம்பெற்றிருந்தால், அந்தப் பிரதி 1968க்கு முற்பட்டதாக இருக்க வாய்ப்பேயில்லை. ஒரே தலைப்பு ஒரே நூலாகவும் இருப்பதில்லை. பிரிட்டனில் நிகழும் ‘கறுப்புத் தீவு’ 1938இல் கறுப்பு வெள்ளையிலும் 1943இல் வண்ணத்திலும் வந்தது. பிரிட்டிஷ் பதிப்பகமான மெத்துவன், தன் நாட்டைச் சித்திரித்ததில் 131 பிழைகள் இருப்பதாகப் பட்டியல் அனுப்பவே, எர்ஜேயின் உதவியாளர் பாப் டி மூர் நேரில் சென்று குறிப்பெடுத்து வர, முழுக்க மறுபடி வரையப்பட்டு 1966இல் மூன்றாம் வடிவம் வெளியாயிற்று. இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் இந்த மூன்றாம் வடிவத்தைக் காட்டி முப்பதுகளின் எர்ஜேயைப் பற்றிப் பேசக்கூடாது. அதுபோலவே, ஆங்கில ஆஸ்டெரிக்ஸின் சிலேடைகளைப் புகழும்போது அந்தியா பெல், டெரெக் ஹாக்ரிட்ஜ் என்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பங்கு தர வேண்டும். ‘டாக்மேட்டிக்ஸ்’ அவர்கள் வைத்த பெயர். பிரெஞ்சில் அந்த நாய் ‘இதேஃபிக்ஸ்’.

விழாக்களுக்குச் செல்ல எண்ணுவோர் ‘காமிக்கான்’ என்ற சொல்லைக் கண்டதும் சீட்டு வாங்கிவிடக் கூடாது. லண்டன் எக்ஸெல் அரங்கில் நடக்கும் எம்.சி.எம். விழாவில் திரைப்படம், விளையாட்டு, வேடமணிதல் ஆகியவற்றுக்கே ஆரவாரம் அதிகம்; காமிக்ஸ் படைப்பாளிகளைச் சந்திக்க விரும்புபவருக்கு நவம்பரில் நடக்கும் ‘தாட் பபிள்’ பொருத்தமானது. அது 2007இல் இங்கிலாந்தின் லீட்ஸில் தொடங்கி, 2019இல் ஹாரோகேட்டுக்கு இடம் மாறியது. பழைய குறிப்புகளை நம்பி லீட்ஸில் அறை எடுப்பவர் தினமும் ரயிலேற நேரிடும். ஜெர்மனியின் எர்லாங்கன் காமிக்ஸ் விழா இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டுகளில் நடப்பது. 1974இல் தொடங்கிய அங்கூலேம் விழா ஓர் அரங்குக்குள் அடங்குவதன்று, ஜனவரிக் குளிரில் ஊர் முழுதும் பரவி நடப்பது. ஆனால் அவ்வளவு பெரிய விழாவும், நிர்வாகத்தை எதிர்த்துப் படைப்பாளிகள் புறக்கணிப்பில் இறங்கியதால், 2026இல் ரத்தாகிவிட்டது.

நடத்தை முறையிலும் நாடுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. பிரெஞ்சு, பெல்ஜிய விழாக்களில் ஆல்பத்தை வாங்கியவருக்கு அதன் முதல் பக்கத்திலேயே ஓவியர் சிறு சித்திரம் வரைந்து, வாசகரின் பெயரெழுதித் தருவது நெடுநாள் மரபு. கட்டணம் கேட்பது பொதுவாக இல்லை. அந்த நினைவோடு பிரிட்டிஷ் ஓவியரின் மேசைக்குச் சென்று இலவசச் சித்திரம் கேட்பது சங்கடத்தில் முடியும், ஏனெனில் அங்கே சித்திரம் பெரும்பாலும் விலை பேசி வரையப்படுவது, அவருடைய வருமானத்தின் ஒரு பகுதி. பிரான்ஸிலோ பழைய ஆல்பங்களை ஒரு பை நிறையக் கொண்டுபோய் வரிசையில் நிற்பவரை, இலவசமாகப் பெற்ற சித்திரத்தை மறுநாளே விற்றுவிடும் வியாபாரியோ என்று ஐயத்துடன் பார்ப்பார்கள். அதனாலேயே பெயரெழுதாமல் வரைந்து தரும்படி கேட்பவர்மீது ஓவியர்களுக்குப் பிரியம் குறைவு. ஒரே ஒரு ஆல்பத்தை அந்தப் பதிப்பகத்தின் கடையிலேயே வாங்கி, நுழைவுச்சீட்டோ குலுக்கலோ இருக்கிறதா என்று காலையிலேயே விசாரித்து, தம் பெயரை ஒரு துண்டுத்தாளில் ரோமன் எழுத்தில் தெளிவாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்ப் பெயர்களைக் காதால் கேட்டு எழுதுவது அவர்களுக்கு எளிதன்று.