குழந்தையைச் சந்திக்கும் நேரம்: மேல்முறையீட்டுக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணமுறிவுக்குப் பின் குழந்தை யாரிடம் வளர வேண்டும், மற்றவர் எந்தெந்த நாளில் பார்க்கலாம் என்று சென்னைக் குடும்பநல நீதிமன்றம் உத்தரவிட்டதும், மனம் நொந்தவர் முதலில் கேட்பது, "ஹைகோர்ட்டுக்குப் போகலாமா?" என்பதுதான். அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: உத்தரவு வந்த அன்றே அது பிழையானதா, அல்லது அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறதா?

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதைத்தான் பெரிய தவறாக நான் கருதுகிறேன். மேல்முறையீட்டில் நீதிபதிகள் பெரும்பாலும் கீழ் நீதிமன்றத்தின் முன் இருந்த ஆவணங்களையும் சாட்சியங்களையுமே பார்ப்பார்கள். புதிய சான்றை எளிதில் ஏற்கமாட்டார்கள். தந்தைக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்துவிட்டது, எல்.கே.ஜி. படித்த பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பில் சனிக்கிழமைதோறும் டியூஷன் போகிறது என்பன போன்ற மாற்றங்களுக்கு, அதே குடும்பநல நீதிமன்றத்தில் உத்தரவை மாற்றக் கோரும் மனுவே உரிய வழி. இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற ரோசி ஜேக்கப் வழக்கிலும், இத்தகைய உத்தரவுகள் என்றென்றைக்கும் இறுதியானவை அல்ல என்று 1973இல் சொல்லப்பட்டது.

உத்தரவே பிழையானது என்றால் நாள் கணக்கு முக்கியம். குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம், 1984இன் 19ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் தருகிறது. உத்தரவின் சான்றிட்ட நகலை (நீதிமன்றமே சரிபார்த்துத் தரும் நகல்) பெறுவதற்கு ஆகும் காலம் இந்தக் கணக்கில் சேராது என்றாலும், நகலுக்கு விண்ணப்பிக்காமல் நீங்கள் கழித்த நாள்கள் சேரும். எனவே உத்தரவு வந்த அன்றே விண்ணப்பித்துவிடுவது நல்லது. காலதாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போடலாம் என்று நம்பியிருந்தால், அந்த மனு முடியவே மாதங்கள் ஓடிவிடக்கூடும். இடைக்கால உத்தரவின் மீதும் (வழக்கு முடியும் வரைக்கும் என்று இடப்படுவது), இரு தரப்பும் சம்மதித்துப் பெற்ற உத்தரவின் மீதும் இந்தப் பிரிவின்படி மேல்முறையீடு கிடையாது. இடைக்கால உத்தரவுக்கு, அதைச் சரிபார்க்கும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கும் சீராய்வு மனு என்ற வேறு வழி உண்டு.

"அப்பீல் போட்டாகிவிட்டது, இனிக் குழந்தையை அனுப்ப வேண்டாம்" என்று உறவினர் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். மேல்முறையீடு தாக்கல் செய்வதாலேயே உத்தரவு நின்றுவிடாது. உயர் நீதிமன்றம் தடை விதிக்கும் வரை அது அப்படியே நடைமுறையில் இருக்கும். குறித்த நேரத்தில் ஒருவர் வந்து காத்திருக்க, மற்றவர் குழந்தையை அழைத்துவராமல் விட்டால், அது உத்தரவை நடைமுறைப்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுவுக்கும் நீதிமன்ற அவமதிப்பு வழக்குக்கும் கொண்டுபோய்விடலாம். அதைவிட வருத்தமானது, அம்மாவோ அப்பாவோ வருவார் என்று காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை ஏமாந்துபோவது. பிள்ளைக்கு உண்மையிலேயே காய்ச்சல் என்றால், அன்றே எழுத்தில் தெரிவித்து, மருத்துவரின் சீட்டையும் அனுப்பி, மாற்று நாளையும் நீங்களே முன்வைக்க வேண்டும். அதேபோல, குழந்தையைக் காட்டவில்லை என்பதற்காக ஜீவனாம்சத்தை நிறுத்துவதும் தவறு. ஒன்றுக்கு ஒன்று ஈடல்ல.

மேல்முறையீட்டு மனுவில் முன்னாள் துணையின் குற்றங்களை அடுக்குவதால் பயன் குறைவு. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (வயது வராதவர்), காப்பாளர் சட்டம் குழந்தையின் நலனைத்தான் முதன்மையாக வைக்கிறது. குழந்தைக்குப் பேசச் சொல்லிக் கொடுப்பது இன்னும் கேடு. நீதிபதி தம் அறையில் தனியாகப் பேசும்போது, எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் வழக்கறிஞர் மொழி வந்தால், அது எங்கிருந்து வந்தது என்பது உடனே விளங்கிவிடும்.

"நேரம் போதவில்லை" என்று பொதுவாக எழுதாமல், வேண்டுவதை நாளும் மணியுமாக எழுதுங்கள்: ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை காலை 10 முதல் மாலை 5 வரை, கோடை விடுமுறையில் பாதி, பொங்கலும் தீபாவளியும் ஆண்டு மாற்றி ஆண்டு, புதன்கிழமை மாலையில் வீடியோ அழைப்பு. 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றமே தொலைபேசி, வீடியோ வழித் தொடர்பை வலியுறுத்தியிருக்கிறது. இந்த நேரங்கள் பிள்ளையின் பள்ளி நேரத்துக்கும் தேர்வுக்கும் எப்படிப் பொருந்தும் என்பதையும் அதன் கீழேயே காட்டிவிடுங்கள்.