கார்க் கதவு ஸ்பீக்கர் பழுதை நீங்களே கண்டறிந்து மாற்றுவது எப்படி?

கதவு ஸ்பீக்கர் ஒன்று கரகரக்கத் தொடங்கினாலோ முற்றிலும் ஓய்ந்துவிட்டாலோ, புதிதாக ஒரு ஜோடி வாங்கி மாட்டிவிடலாம் என்றே பெரும்பாலோர் முடிவு செய்கிறார்கள். ஆனால் ஸ்பீக்கர் என்பது ஒரு நீண்ட பாதையின் கடைசி முனை. டாஷ்போர்டில் இருக்கும் மியூசிக் சிஸ்டமான ஹெட் யூனிட்டிலிருந்து புறப்படும் சிக்னல், அதன் பின்புறக் கனெக்டர், தரைவிரிப்பின் ஓரமாகச் செல்லும் வயர், கதவுக் கீலின் அருகிலுள்ள ரப்பர் குழாய், கதவுக்குள் இருக்கும் கனெக்டர் ஆகிய அனைத்தையும் கடந்த பிறகே ஸ்பீக்கரை அடைகிறது. இவற்றில் எங்கே கோளாறு ஏற்பட்டாலும், கேட்பவருக்கு ஸ்பீக்கர் கெட்டுவிட்டது போலவே தோன்றும். ஆகவே, பழுது இருக்கும் இடத்தை உறுதிப்படுத்தாமல் எதையும் வாங்க வேண்டாம் என்பதே நான் முதலில் வலியுறுத்த விரும்புவது.

எந்தக் கதவு, எந்த வகைப் பழுது?

ஹெட் யூனிட்டின் ஒலி அமைப்புகளில் பேலன்ஸ், ஃபேடர் என்று இரண்டு கட்டுப்பாடுகள் இருக்கும். பேலன்ஸ் ஒலியை இடம் வலமாகவும், ஃபேடர் முன் பின்னாகவும் நகர்த்தும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தி, ஒலியை ஒவ்வொரு மூலைக்கும் முழுவதுமாகத் தள்ளி, ஒரே பாடலின் ஒரே பகுதியை ஒவ்வொரு கதவிலும் கேளுங்கள். அப்போது பேஸ், டிரெபிள் ஆகியவற்றை நடுநிலையில் வைத்திருங்கள்; பேஸை மிகையாக உயர்த்தினால் நல்ல ஸ்பீக்கரும் உதறும்.

மெதுவான ஒலியிலேயே தொடர்ந்து கரகரத்தால், கோன் (ஒலியெழுப்ப அதிரும் கூம்பு) கிழிந்திருக்கலாம் அல்லது வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) காந்தத்தின் இடுக்கில் உரசிக்கொண்டிருக்கலாம். ஒலி விட்டு விட்டு வந்தால், குறிப்பாகக் கதவைத் திறந்து மூடும்போது வந்து போனால், ஸ்பீக்கரைவிட வயரையே அதிகம் சந்தேகிக்க வேண்டும். குறிப்பிட்ட சில தாழ்ந்த சுரங்களுக்கு மட்டும் சடசடவென்று அதிர்ந்தால், பாடல் ஓடும்போதே டோர் பேனலைப் பல இடங்களில் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் சத்தம் நின்றால், தளர்ந்த கிளிப் ஒன்றே காரணம். எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் ஓய்ந்துவிட்டால் ஸ்பீக்கர்களைத் தொட வேண்டியதில்லை. அது ஹெட் யூனிட்டின் கோளாறாகவோ, ஏதோ ஒரு ஸ்பீக்கர் வயர் காரின் உலோகத்தைத் தொட்டதால் பாதுகாப்புச் சுற்று தன்னை நிறுத்திக்கொண்டதாகவோ இருக்கும்.

அடுத்ததாக, எதையும் கழற்றாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பழுதான கதவின் பக்கம் ஒலியை வைத்துவிட்டு, கதவைத் திறந்து, கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையே செல்லும் நெளிவான ரப்பர் குழாயை மெல்ல வளைத்துப் பாருங்கள். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் இருக்கும் வயர்கள் வளைந்து நிமிர்வதால், செம்பு இழைகள் காலப்போக்கில் உறைக்குள்ளேயே அறுந்துவிடுகின்றன. வெளியே பார்த்தால் வயர் முழுமையாகத்தான் தெரியும். வளைக்கும்போது ஒலி ஒரு கணமேனும் திரும்பினால், உங்களுக்குப் புதிய ஸ்பீக்கர் தேவையில்லை. ரப்பர் குழாயைப் பிதுக்கி எடுத்து, அறுந்த இடத்தில் நெகிழ்வான புதிய வயர்த் துண்டு ஒன்றைச் சேர்த்தால் போதும். இணைப்புகள் வளையும் பகுதிக்கு வெளியே அமையுமாறு அந்தத் துண்டு நீளமாக இருக்க வேண்டும். சால்டர் செய்த (ஈயப்பற்று வைத்த) இடம் விறைப்பாக இருப்பதால், வளைவின் நடுவே அமைந்தால் அதன் ஓரத்திலேயே மீண்டும் அறுந்துவிடும்.

டோர் பேனலைக் கழற்றுதல்

உங்கள் கார் மாடலின் பேனல் அமைப்பு பற்றிய விளக்கத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் முறை ஒன்றுதான்: சில ஸ்குரூக்கள், ஓரங்களைச் சுற்றி வரிசையாகப் பிளாஸ்டிக் கிளிப்புகள், மேல் விளிம்பில் கதவின் மீது மாட்டிக்கொள்ளும் ஒரு கொக்கி அமைப்பு. ஸ்குரூக்கள் உள் கைப்பிடியின் குழியிலும், கை வைக்கும் பகுதியின் அடியிலும், சிறிய பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பின்னாலும் மறைந்திருக்கும். பேனல் எங்கேனும் விடாப்பிடியாக நின்றால் அங்கே காணாத ஸ்குரூ ஒன்று இருக்கிறது என்று கொள்ளுங்கள். பலத்தைக் கூட்ட வேண்டாம்.

வேலையைத் தொடங்கும் முன் கண்ணாடியை முழுவதும் ஏற்றிவிடுங்கள். பிறகு இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். பல கார்களின் கதவுக்குள் பக்கவாட்டு ஏர்பேக்கிற்கான சென்சார் இருப்பதால் இந்த முன்னெச்சரிக்கையைத் தவிர்க்கக் கூடாது. அந்தச் சென்சாரையோ அதன் கனெக்டரையோ எக்காரணம் கொண்டும் கழற்ற வேண்டாம். சில ஹெட் யூனிட்டுகள் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் மீண்டும் இயங்கப் பாதுகாப்புக் குறியீடு கேட்கும். அது கையில் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

உலோக ஸ்குரூடிரைவரால் நெம்பினால் பெயிண்டும் பேனலும் கீறிப்போகும் என்பதால் பிளாஸ்டிக் நெம்புகோலையே பயன்படுத்துங்கள். கீழ் மூலையில் தொடங்கி, ஒவ்வொரு கிளிப்புக்கும் மிக அருகில் நெம்பியபடி சுற்றி வாருங்கள். எல்லாம் விடுபட்டதும் பேனலை நேராக மேலே தூக்கினால் கண்ணாடி விளிம்பிலிருந்து பிரியும். உடனே இழுத்துவிட வேண்டாம். கைப்பிடியின் கேபிள், கண்ணாடி சுவிட்சின் கனெக்டர், கதவு விளக்கின் வயர் ஆகியவை பின்னால் இன்னும் இணைந்திருக்கும். ஒரு கையால் பேனலைத் தாங்கிக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். கழற்றுவதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்துவைப்பது நல்லது. கிளிப்புகளில் ஒன்றிரண்டு உடைவது வழக்கமே. அதே அளவில் சிலவற்றை முன்னதாகவே வாங்கி வைத்திருங்கள்.

பேனலுக்குப் பின்னால் கதவின் துவாரங்களை மூடியபடி பிளாஸ்டிக் தாளோ ஃபோம் தாளோ ஒட்டப்பட்டிருக்கும். சில கார்களில் இதைத் தொடாமலே ஸ்பீக்கரைக் கழற்றலாம். இயலாவிட்டால், தேவையான பகுதியை மட்டும், ஹேர் டிரையரால் பசையை மிதமாகச் சூடாக்கி, கிழியாமல் உரித்து மடித்துவையுங்கள். கண்ணாடியின் ஓரமாக மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறுவது இயல்பான அமைப்பு. அந்த நீர் காரின் உட்புறத்திற்கு வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். மேலும், சில கார்களின் ஏர்பேக் சென்சார் கதவுக்குள் ஏற்படும் காற்றழுத்த மாற்றத்தை வைத்தே மோதலை உணர்கிறது. தாள் கிழிந்து காற்று கசிந்தால் அந்தச் சென்சாரின் செயல்பாடு பாதிக்கப்படலாம்.

மல்டிமீட்டரால் அளத்தல்

ஸ்பீக்கரைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களை அகற்றி, அதை வெளியே எடுத்து, கனெக்டரைப் பிரித்துவிடுங்கள். ஸ்குரூவுக்குப் பதிலாக ரிவெட் அடிக்கப்பட்டிருந்தால், அதன் தலையை டிரில்லால் குடைந்து எடுக்க வேண்டும். அப்போது உதிரும் இரும்புத் துகள்களை ஸ்பீக்கரின் காந்தம் ஈர்த்துக்கொள்ளும் என்பதால், அதைத் துணியால் மூடிவிட்டு டிரில் செய்து, பிறகு துகள்களைத் துப்புரவாகத் துடைத்தெடுங்கள். கண்ணாடியை ஏற்றி வைக்கச் சொன்னதற்கான காரணமும் இதுவே. கீழே இறங்கியிருந்தால் டிரில் முனை அதன் மீது பட்டுவிடும்.

முதலில் கைவிரல்களால் சோதியுங்கள். கோனின் இரு பக்கங்களிலும் விரல்களை வைத்து, சமமாக, மிக மென்மையாக உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமின்றி நழுவினால் நன்று. சுரண்டும் ஒலி கேட்டால் வாய்ஸ் காயில் உரசுகிறது, அந்த ஸ்பீக்கரை மாற்றத்தான் வேண்டும். கோனைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல அது பொடிந்து உதிர்ந்துவிடுவதையும் காணலாம்.

அடுத்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் சிறிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; பிறகு ஸ்பீக்கரை அளந்து அந்த எண்ணைக் கழியுங்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் ஏறத்தாழ 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்டும். எழுதியிருப்பதைவிடக் குறைவாக இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். மல்டிமீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்திற்கான தடையை, ஸ்பீக்கரில் எழுதியிருப்பதோ ஒலிச் சிக்னலுக்கான இம்பீடன்ஸ். முடிவிலி காட்டினால் வாய்ஸ் காயில் அறுந்துவிட்டது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட் ஆகிவிட்டது. கண்ணாடியின் மூலையில் தனியாக இருக்கும் டுவீட்டரை, அதாவது உயர்ந்த சுரங்களுக்கான சிறிய ஸ்பீக்கரை, அளக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அதன் வயரில் நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு கெப்பாசிட்டர் தொடராக இணைந்திருந்தால், நல்ல டுவீட்டரும் முடிவிலியையே காட்டும்.

ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது என்று அளவுகள் சொன்னால், வயரின் பக்கம் திரும்புங்கள். ஹெட் யூனிட்டின் பின்புறக் கனெக்டரையும் பிரித்துவிட்டு, அங்கிருந்து கதவு வரை ஒவ்வொரு வயரையும் அளந்தால் 1 ஓமுக்கும் குறைவாக வர வேண்டும். எந்த வயருக்கும் காரின் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது.

புதிய ஸ்பீக்கரை இணைக்கும் முன் ஹெட் யூனிட்டின் வெளியீட்டையும் சோதித்துவிடுவது என் உறுதியான பரிந்துரை. ஸ்பீக்கரின் கனெக்டரைத் தவிர, பிரித்த மற்ற கனெக்டர்களையெல்லாம் மீண்டும் மாட்டி, பேட்டரியை இணைத்து, ஹெட் யூனிட்டை இயக்கி, ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, கதவில் உள்ள இரு ஸ்பீக்கர் வயர்களுக்கும் இடையே டிசி (நேர்மின்னோட்ட) வோல்ட்டை அளங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். சில வோல்ட் நிலையாக வந்தால், சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் பழுதாகியிருக்கிறது. அதில் இணைக்கும் புதிய ஸ்பீக்கரும் எரிந்துபோகும். அதே வேளையில், ஒவ்வொரு வயருக்கும் காரின் உடலுக்கும் இடையே பேட்டரி வோல்ட்டேஜில் ஏறத்தாழப் பாதி காட்டுவது, பெரும்பாலான ஹெட் யூனிட்டுகளில் இயல்பானதே. ஸ்பீக்கர் வயரின் நெகட்டிவை காரின் உடலில் இணைக்கக் கூடாது என்று சொல்லப்படுவதன் காரணமும் இதுதான். சோதனை முடிந்ததும் நெகட்டிவ் முனையை மறுபடியும் கழற்றிவிடுங்கள்.

எதை வாங்குவது?

இங்கே கவனிக்க வேண்டியது இம்பீடன்ஸ், அளவு, ஆழம், சென்சிட்டிவிட்டி (ஒரே வாட்டில் ஸ்பீக்கர் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு) ஆகியவை. பழைய ஸ்பீக்கரின் பின்புறம் எழுதியுள்ள ஓம் அளவிலேயே வாங்குங்கள். 4 ஓம் இருந்த இடத்தில் 2 ஓம் இணைத்தால் ஆம்ப்ளிஃபயர் இரு மடங்கு மின்னோட்டம் தர வேண்டியிருப்பதால் சூடேறிக் கெடலாம். 2 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் இணைத்தால் தீங்கில்லை, ஆனால் ஒலி குறையும். கதவுகளில் 6.5 அங்குல ஸ்பீக்கர்கள் பரவலாக இருந்தாலும், கண்மதிப்பை நம்பாமல் துளையின் விட்டத்தையும் ஸ்குரூ துளைகளின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். ஆழம் பழையதைவிட அதிகமாக இருந்தால், இறங்கும் கண்ணாடி காந்தத்தில் மோதலாம்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் உச்ச வாட் எண்ணுக்கு நான் எந்த மதிப்பும் தருவதில்லை. ஹெட் யூனிட்டுக்குள்ளேயே இருக்கும் ஆம்ப்ளிஃபயர், மேலே 50 வாட் என்று எழுதியிருந்தாலும், ஒரு சேனலுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 வாட் வரைதான் தொடர்ந்து தர வல்லது. எனவே, தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாதவர்கள் ஆர்.எம்.எஸ். வாட்டைவிட (ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கும் வாட்) சென்சிட்டிவிட்டியைப் பார்த்து, 90 டெசிபெல்லை ஒட்டியோ அதற்கு மேலோ உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 3 டெசிபெல் கூடுதல் என்பது ஆம்ப்ளிஃபயரின் வாட்டை இரு மடங்காக்குவதற்குச் சமம். ஒரு கதவில் மட்டும் பழுது என்றாலும், இடமும் வலமும் ஒரே தன்மையில் ஒலிக்க ஜோடியாகவே மாற்றுங்கள்.

பொருத்துதல்

துளை பொருந்தாவிட்டால், உங்கள் கார் மாடலுக்கான பிளாஸ்டிக் அடாப்டர் வளையத்தைப் பயன்படுத்துங்கள். மரக்கூழ் பலகை வளையம் ஈரத்தில் ஊறிவிடும். வயருக்கும் அடாப்டர் கனெக்டர் கிடைக்கும். அது இருந்தால் காரின் வயரை வெட்ட வேண்டியதே இல்லை. கிடைக்காதபோது மட்டும் வெட்டி, சால்டர் செய்து, சூடாக்கினால் சுருங்கிப் பற்றும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள்.

பாசிட்டிவ், நெகட்டிவ் மாறாமல் இணைப்பது மிக முக்கியம். ஸ்பீக்கரில் குறியிட்டிருக்கும், பெரும்பாலும் அகலமான முனையே பாசிட்டிவ். ஒரு கதவில் மட்டும் மாறிவிட்டால் எதுவும் எரியாது, ஆனால் ஒரு கோன் முன்னே வரும்போது மற்றது பின்னே செல்வதால் பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மெலிந்துவிடும். காரின் வயரில் எது பாசிட்டிவ் என்று தெரியாவிட்டால், பழைய ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் அறுந்திராத நிலையில், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை அதன் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே தள்ளப்படும்போது பேட்டரியின் பாசிட்டிவ் தொட்டிருக்கும் முனையே ஸ்பீக்கரின் பாசிட்டிவ்; அந்த முனைக்கு வந்துகொண்டிருந்த வயரே உங்களுக்குத் தேவையானது.

ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் இடையே ஃபோம் கேஸ்கெட்டை இடைவெளியின்றி ஒட்டுங்கள். ஓரங்களில் காற்று கசிந்தால் கோனின் பின்பக்க ஒலி முன்னே வந்து பேஸைக் குலைத்துவிடும் என்பதால், இந்தச் சிறிய வளையம் ஒலித்தரத்தில் பெரிய வேறுபாட்டைத் தருகிறது. ஸ்குரூக்களை எதிரெதிராக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள்; ஒரே பக்கமாக இறுக்கினால் ஸ்பீக்கரின் சட்டம் கோணி, புதிய ஸ்பீக்கரிலும் வாய்ஸ் காயில் உரசத் தொடங்கும். எஞ்சிய வயரைக் கண்ணாடியின் பாதையில் தொங்கவிடாமல் கட்டிவிடுங்கள்.

மூடுவதற்கு முன்

பேனலைப் பொருத்தாமலே கண்ணாடி சுவிட்சின் கனெக்டரை மட்டும் மாட்டி, பேட்டரியை இணைத்து, கண்ணாடியை முழுவதும் இறக்கி ஏற்றி, எங்கும் உரசவில்லை என்பதைப் பாருங்கள். பிறகு பேலன்ஸை நடுவில் வைத்துப் பேஸ் நிறைந்த பாடல் ஒன்றைக் கேளுங்கள். நடுவில் வைத்ததைவிட ஒரு பக்கமாகத் தள்ளும்போது பேஸ் கூடினால், பாசிட்டிவ் நெகட்டிவ் எங்கோ மாறியிருக்கிறது. நிறைவாக இருந்தால் தாளை அழுத்தி ஒட்டி, பசை காய்ந்துவிட்ட இடங்களில் பியூட்டைல் டேப்பை (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) வையுங்கள். கைப்பிடியின் கேபிளையும் எல்லாக் கனெக்டர்களையும் இணைத்து, பேனலின் மேல் விளிம்பை முதலில் மாட்டி, கிளிப்புகள் துளைகளுக்கு நேராக இருப்பதை உறுதிப்படுத்திய பின் உள்ளங்கையால் தட்டி உட்காரவையுங்கள்.

கதவைச் சாத்துவதற்கு முன் உள் கைப்பிடி, வெளிக் கைப்பிடி, பூட்டு ஆகிய மூன்றும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். கேபிள் சரியாக மாட்டாமல் சாத்திவிட்டால் உள்ளிருந்து திறக்க இயலாமல் போகலாம். தானாக ஏறும் கண்ணாடி பேட்டரி துண்டிப்புக்குப் பின் பாதியில் நின்றால், முழுவதும் ஏற்றி, சுவிட்சை மேல்நோக்கிச் சில விநாடிகள் பிடித்திருப்பது பல கார்களில் அதைச் சரிசெய்துவிடும். இக்னிஷனைப் போட்டதும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வழக்கம்போல் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் காரை ஓட்டிச் செல்லும் முன் பேட்டரியைத் துண்டித்து, கதவுக்குள் நீங்கள் தொட்ட கனெக்டர்களை மீண்டும் பாருங்கள். அதன் பிறகும் விளக்கு அணையாவிட்டால் அந்த ஒரு பணியை மட்டும் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் ஒப்படையுங்கள்.