சபருக்குக் கிளம்பும் நர்ஸ் பிள்ளைகள் தவிர்க்க வேண்டியவை

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, மண்டபம் என்று எங்கள் கரையோரத்தில் முன்பெல்லாம் சபர், அதாவது பிழைப்புக்குக் கடல் கடந்து போவது என்றால் ஆண்கள்தான். இப்போது நர்ஸிங் முடித்த பிள்ளைகளும் கிளம்புகிறார்கள். நான் வளைகுடாவில் வார்டு பார்த்துவிட்டு இங்கிலாந்துக்கு மாறியவள். அதனால் ஊரில் ஒரு பிள்ளை பாஸ்போர்ட் எடுத்தவுடன் எனக்குப் போன் வந்துவிடும். அவர்கள் கேட்பதைப் பார்த்தால், எங்கள் செட் எந்தப் பள்ளத்தில் விழுந்ததோ அதே பள்ளத்தை நோக்கித்தான் இவர்களும் நடக்கிறார்கள். போட்டோ அளவு, ஸ்கேன் தெளிவு போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதை யாரும் சொல்லித் தருவார்கள்.

நாட்டை முடிவு செய்யாமல் பரீட்சைக்குக் கட்டுவது

"எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரே எக்ஸாமா எழுதிடலாமா ராத்தா?" என்று கேட்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. வளைகுடாவுக்குப் பெரும்பாலும் ப்ரோமெட்ரிக் என்கிற கணினித் தேர்வு. இங்கிலாந்துக்கு முதலில் கணினித் தேர்வு, அங்கே போய் ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் என்கிளெக்ஸ் என்கிற லைசென்ஸ் தேர்வு. ஜெர்மனி என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஜெர்மன் மொழி. என்கிளெக்ஸ் பாஸ் செய்தால் அமெரிக்கா கூப்பிட்டுவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். லைசென்ஸ் வேறு, விசா வேறு. வேலை வழியாக நிரந்தரமாகக் குடியேறுவதற்கான இ.பி.3 கிரீன் கார்டு வரிசை இந்தியர்களுக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு கிடக்கிறது.

ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலத் தேர்வை முந்திக்கொண்டு எழுதுவதும் வீண் செலவு. இங்கிலாந்தில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி., அந்தத் தேர்வின் எழுதும் பகுதியில் 6.5, கேட்பது, படிப்பது, பேசுவது ஆகிய மற்ற மூன்றிலும் 7 கேட்கிறது. அந்த மதிப்பெண்ணுக்கு ஆயுள் 2 ஆண்டு. கல்லூரியில் ஒரு காகிதம்கூட நகராத நிலையில் எழுதிவைத்தால், காகிதம் கைக்கு வரும்போது மதிப்பெண் காலாவதியாகியிருக்கும்.

அனுபவத்தைச் 'சேர்த்துப் போடுவது'

இதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

தேவிபட்டினம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 16 மாதம் வேலை. கெட்டிக்காரி, ஐ.சி.யூ. பார்த்தவள். வளைகுடா வேலைக்கு 2 ஆண்டு அனுபவம் கேட்டிருந்தார்கள். ஏஜென்ட், "இது ஒரு விஷயமா, லெட்டர்ல 24 மாசம்னு போட்டு வாங்கிட்டு வா" என்றான். ஆஸ்பத்திரி டாக்டரும் இளகிய மனசுக்காரர். பிள்ளை பிழைக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்த லெட்டரை யாரோ பார்த்துவிட்டு ஃபைலில் வைத்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. டேட்டாஃப்ளோ மாதிரியான சரிபார்ப்பு நிறுவனம் கல்லூரிக்கும் நம்மைப் பதிவு செய்த நர்ஸிங் கவுன்சிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நேரடியாக எழுதிக் கேட்கும். இவள் விஷயத்தில் மெயில் வந்தபோது டாக்டர் ஊரில் இல்லை. ஆபீஸ் கிளார்க் வருகைப் பதிவேட்டை எடுத்து, இருக்கிற தேதியை அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். அவர் மேல் என்ன தப்பு? அறிக்கை பாதகமாக வந்தது. 16 மாத உண்மையான உழைப்பும் அதோடு சந்தேகத்துக்கு ஆளானது. ஏஜென்ட் போனை எடுப்பதே இல்லை. பேசாமல் இன்னும் 8 மாதம் அதே ஐ.சி.யூ.வில் இருந்திருந்தால் கணக்கு தானாகவே நேராகியிருக்கும். ஏஜென்ட் பின்னால் அலைந்ததிலேயே அதைவிட அதிகக் காலம் போயிற்று.

வளைகுடா போனால் போகட்டும், கனடா இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கனடா குடியேற்ற விண்ணப்பத்தில் பொய்த் தகவல் பிடிபட்டால் 5 ஆண்டு தடை. இங்கிலாந்து விசாவில் ஏமாற்று என்று முடிவானால் 10 ஆண்டு வரை போகும். அமெரிக்காவில் அது வாழ்நாள் தடையாகவே முடியலாம்.

பொய்யே சொல்லாதவர்களும் தேதியில் மாட்டுவது உண்டு. கடைசி டியூட்டி 31ஆம் தேதி நைட். அடுத்த ஷிப்டிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வருவது 1ஆம் தேதி காலை. நீங்கள் ஒன்று எழுதுவீர்கள், ஆபீஸ் ஒன்று எழுதும். ஆகவே வேலையை விடும் முன்பே உட்கார்ந்து சரிபாருங்கள்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர், வார்டு, படுக்கை எண்ணிக்கை, முழுநேரமா என்பது, கையெழுத்துப் போட்டவரின் பெயரும் பதவியும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ரிலீவிங் ஆர்டர், சம்பளம் ஏறிய பேங்க் பாஸ்புக், பி.எஃப். பிடித்திருந்தால் அதன் விவரம் என எல்லாவற்றிலும் அதே தேதிகள் பேச வேண்டும். மெயில் எந்த முகவரிக்கு வரும், யார் பதில் போடுவார் என்று ஆபீஸில் கேட்டு வையுங்கள். ஸ்பேமில் விழுந்து கிடக்கும் மெயிலும் பதில் வராததாகத்தான் கணக்கு. சின்ன நர்ஸிங் ஹோம்கள் டாக்டர் ஊர் மாறினால் மூடிவிடுகின்றன. பிறகு சரிபார்க்க ஆளே இருக்காது. லெட்டரை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நிற்பது அதைவிட மோசம். பதில் எழுத வேண்டியது அதே ஆபீஸ்தான்.

பெங்களூரில் படித்துவிட்டு ஒரு கவுன்சிலை மறப்பது

கர்நாடகாவில் பதிந்து, பிறகு தமிழ்நாட்டு கவுன்சிலிலும் பதிந்தவர்கள் இரண்டையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்ட பதிவு பிறகு தெரியவந்தால் மறைத்ததாகவே பார்ப்பார்கள்.

சீல் வைத்த கவரைத் திறந்து பார்ப்பது

கல்லூரியோ கவுன்சிலோ ஒட்டிக் கொடுத்த கவர் அது. திறக்காதீர்கள்.

ஏஜென்டின் மெயிலில் விண்ணப்பக் கணக்குத் தொடங்குவது

உங்கள் மெயில், உங்கள் போன், உங்கள் பாஸ்வேர்டு. ஏஜென்ட் காணாமல் போனாலும் ஃபைல் உங்களிடம் இருக்கும்.

கேட்ட தொகையை எண்ணி வைப்பது

பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்க இந்தியச் சட்டம் அனுமதிப்பது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். கையில் இருக்கும் நகையை அடகு வைக்கும் முன் ஏஜென்டின் லைசென்ஸ் எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸ்களை அனுப்புகிறது. நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இங்கிலாந்து வேலைக்கென்று நர்ஸிடம் ஏஜென்சி கட்டணம் வாங்குவது அந்நாட்டு ஆள்சேர்ப்பு விதிக்கே எதிரானது. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

விசிட் விசாவில் போய் 'அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்வது'

போகவே போகாதீர்கள்.