நின்றுபோன கொலுவை மறுபடி வைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மகாளய அமாவாசை நெருங்க நெருங்க எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். "பாட்டி காலத்துக் கொலு, இந்த வருஷமாவது வைக்கலாம்னு இருக்கோம்." கொஞ்சம் பேச்சு வளர்ந்ததும் காரணமும் வரும். வேலை போயிருக்கும், அல்லது வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்து தேறியிருப்பார்கள். கஷ்டம் வந்த வீட்டில்தான் பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டி ஞாபகத்துக்கு வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் கொலுவைத் திரும்ப ஆரம்பித்தபோது அடித்த கூத்தையெல்லாம் இவர்களும் வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். சுண்டலுக்குக் கடலையை முதல் நாளே ஊறவையுங்கள் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை.

பழைய பொம்மைக்குப் புதுப் பெயிண்ட்

இதை நினைத்தாலே எரிச்சல் வரும். பெட்டியைத் திறந்தால் தூசியும் மங்கின நிறமும். உடனே ஈரத்துணியை எடுத்துவிடுவார்கள். பழைய மண் பொம்மை, காகிதக்கூழ் பொம்மை இரண்டிலும் பெரும்பாலும் தண்ணீரில் கரையும் வண்ணம்தான் இருக்கும். துணியில் முதலில் அழுக்கு வரும், அடுத்த துடைப்பில் கிருஷ்ணரின் நீலம் வரும். காகிதக்கூழ் என்றால் ஈரம் உள்ளே இறங்கி, மேல்பூச்சு செதில் செதிலாகக் கிளம்பும். பயந்துபோய் எனாமல் டப்பா வாங்க ஓடுவார்கள்.

உறவில் ஒரு வீட்டில் தசாவதார செட் ஒன்று இருந்தது, கல்யாணச் சீராக வந்தது. பத்துப் பேருக்கும் எனாமல் அடித்துவிட்டார்கள். முகமெல்லாம் கார் கதவு மாதிரி பளபளப்பு. வாமனருக்குப் புருவம் நெற்றியில் பாதி வரை ஏறியிருந்தது. கண்ணும் புருவமும் எழுதுவது பொம்மைக்காரர்களே மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. நமக்கு எங்கே வரும்? அந்த வீட்டு அத்தை ராமரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா கொடுத்ததா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எனாமலைச் சுரண்டினால் அடியில் இருக்கும் பழைய வண்ணமும் சேர்ந்தே வந்துவிடும், திரும்பப் போக வழியில்லை. கையில் காசில்லாத வருஷத்தில் இதற்குச் செலவு வேறு!

உலர்ந்த, மிருதுவான பிரஷ் ஒன்று போதும். மடிப்புகளில் இருக்கும் தூசியைப் பொறுமையாகத் தட்டிவிடுங்கள். கை உடைந்திருந்தால் ஒட்டுங்கள். மூக்கு தேய்ந்திருந்தால் தேய்ந்த மூக்கோடு நிற்கட்டும். வண்ணம் பூசியே தீரவேண்டுமென்றால், பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரைப் பக்கம் விளாச்சேரி என்று பொம்மை செய்கிற ஊர்கள் இருக்கின்றன. செய்கிறவர்களிடம் காட்டிக் கேளுங்கள். செம்மரத்து மரப்பாச்சிக்குப் பெயிண்டே கூடாது. புதுத்துணி உடுத்திவிட்டால் சரி.

ஒன்பது படிதான் வேண்டும் என்ற பிடிவாதம்

மூன்று போதும். ஒற்றைப்படையாக இருந்தால் சரி.

"இந்த வருஷம் யாரையும் கூப்பிட வேண்டாம்"

வருகிறவர்களுக்குப் பையும் பாத்திரமும் வைத்துக் கொடுப்பது இப்போது போட்டியாகிவிட்டது. அதற்கு வசதியில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு கொலு வைக்கிறார்கள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு பிடி சுண்டல். இதற்கு மேல் எதுவும் கட்டாயமில்லை. ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா, கேட்காமலே பணம் கொடுத்த சிநேகிதி, இவர்களை முதல் நாளே அழையுங்கள். "ரொம்ப நன்றி" என்று முகத்துக்கு நேரே சொன்னால் நம்மில் இரண்டு பக்கமும் சங்கடம். உட்காரவைத்துத் தாம்பூலம் கொடுத்தால் சொல்லவேண்டியது போய்ச் சேர்ந்துவிடும்.

ஆயுத பூஜையை விட்டுவிடுவது

வேலையே இல்லை, எதை வைத்துக் கும்பிடுவது என்று கேட்கிறார்கள். வீட்டை இப்போது ஓட்டிக்கொண்டிருக்கும் தையல் மெஷினும் மாவு கிரைண்டரும் இருக்கிறதே! அவற்றுக்குச் சந்தனப்பொட்டு வையுங்கள்.

எல்லா வேலையும் ஒரே ஆள் தலையில்

பல வீடுகளில் கொலு நின்றதே இதனால்தான். நைவேத்தியத்தை ஆளுக்கொரு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அள்ளிப்போட்டுக் கட்டுவது

விஜயதசமி இரவு ஒரு பொம்மையையாவது படுக்கவைத்துவிட்டு, மறுநாள் நிதானமாக எடுத்துக் கட்டுங்கள். செய்தித்தாளை நேராகச் சுற்றினால் ஈரக்காற்றில் மை முகத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் பழைய வேட்டித்துணி, அப்புறம் தாள். செட்டியார் பொம்மையும் அவர் மளிகைக்கடையும் அடியில், கையை நீட்டிக்கொண்டு நிற்கிற பொம்மைகள் மேலே. எந்தப் பெட்டியில் எது என்று மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.